சுமையை நிறுப்பது எங்ஙனம்?

'வைரஸ் சுமை' என்னும் தொடரைப் பத்திரிகையிற் கண்ட அன்பர் ஒருவர், கிருமியையும் தராசில் ஏற்றி நிறுக்கிறார்களோ என நம்மை வினவினார். தராசு இல்லை, ஆயினும் நிறுக்கத்தான் செய்கிறார்கள். உடற்சுமை, மூளைச்சுமை, கிருமிச்சுமை ஆகிய மூன்றையும் அளவிட இன்றைய ஆய்வாளர் வழி வகுத்துள்ளனர். அவற்றுள் அளக்கக் கடினமானது கண்ணுக்குத் தெரியாத கிருமியே என்று பலரும் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை.

2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றுப் பரவியபோது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பி.சி.ஆர். பரிசோதனை நடைபெற்றதை நேயர்கள் அறிவர். மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரியிலுள்ள கிருமியின் மரபுப்பொருளை அவ்வியந்திரம் சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கச் செய்கிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, பத்தாஞ் சுற்றில் 1,024 ஆகிவிடும். கருவிக்குப் புலப்பட எத்தனை சுற்று வேண்டியிருந்தது என்பதே கணக்கு. ஒருவருக்கு 20 சுற்றும் மற்றவருக்கு 30 சுற்றும் வேண்டியிருந்தால், முன்னவரின் மாதிரியில் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு கிருமி இருந்தது என்பது பொருள். மாதிரியை அரைகுறையாக எடுத்தால் கணக்கும் அரைகுறைதான். எச்.ஐ.வி. கிருமியையோ குருதியில் ஒரு மில்லிலீற்றருக்கு இத்தனை பிரதி என்றே சொல்லிவிடுகிறார்கள்.

உடற்சுமைக்கு வருவோம். 25 கிலோ அரிசி மூட்டை யார் தூக்கினாலும் 25 கிலோதான். ஆனால் பேரனுக்கு அது ஒரு சுமை, ஆச்சிக்கு வேறொரு சுமை. ஆகவே நாடித்துடிப்பையும் உட்கொள்ளும் பிராணவாயுவையும் அளக்கிறார்கள். சுவீடன் நாட்டு உளவியலறிஞர் குன்னார் போர்க் இன்னும் எளிய வழி கண்டார்: உழைப்பவனையே கேட்பது! 6 முதல் 20 வரை எண்ணிட்ட அளவுகோலில் அவன் 13 என்றால், நாடி நிமிடத்துக்கு 130 அளவில் துடிக்கும் எனக் கொள்ளலாம். துலா மிதித்து வெங்காயத்துக்கு நீர் இறைத்த நம் முன்னோரிடம் அக்கோலை நீட்டியிருந்தால், "இதென்ன பெரிய வேலையோ?" என்று 7 சொல்லியிருப்பார்களோ என்னவோ!

மூளைச்சுமையிலேதான் இக்கட்டு. அமெரிக்காவின் நாசா நிறுவனத்தார் 1988இல் வெளியிட்ட வினாமுறை ஆறு கேள்வி கேட்கிறது: மூளைக்கு எவ்வளவு வேலை, உடலுக்கு எவ்வளவு, நேர நெருக்கடி, முயற்சி, அடைந்த வெற்றி, எரிச்சல். விமானிகளிடம் வழங்கிய அது இன்று வைத்தியசாலைத் தாதியர் வரை வந்துவிட்டது.

ஆனால் கேள்வியை மொழிபெயர்த்துவிட்டால் விடை வந்துவிடுமா? மூளைச்சுமையும் மனப்பாரமும் ஒன்றல்ல என்பர் அறிஞர். எனினும் இரண்டையும் கேட்டுத்தானே அறியவேண்டும்? யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் மனநல மருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் மனவடுக்களை ஆராய்ந்தபோது, இங்குள்ளோர் மனப்பாரத்தை உடல் நோவாக எடுத்துரைப்பதைக் கவனித்தார். தலையிடி என்பார்கள், நெஞ்சு நோ என்பார்கள், பெருமூச்சு விடுவார்கள். மேனாட்டுப் படிவத்திற் பெருமூச்சுக்கென்று ஒரு கட்டம் இராது. ஊர் வழக்கில், ஆறுதலாக, தனியே இருத்திக் கேட்டாலன்றி உண்மை வெளிவராது.

பிள்ளையின் பாடம், மாமியின் நீரிழிவு மாத்திரை, சீட்டுத் தவணை, நாளைய கறி அனைத்தையும் ஒரே தலையில் வைத்திருக்கும் இல்லத்தரசி, "எனக்கென்ன, ஒன்றுமில்லை" என்பார். மிகக் குறைந்த எண் பதிவாகும். யாருக்கு உதவி தேவை என்பதை அந்த எண்ணே தீர்மானிக்கும். வீட்டுத் தலைவர் அருகில் அமர்ந்திருந்தாலோ, அந்த விடையையும் அவரே சொல்லிவிடுவார்.