ஆய்வுகூடத்தின் பதிவேடு

மருத்துவத்துறையின் வளர்ச்சி பற்றிப் பேசுவோர் புதிய மருந்துகளையும் புதிய சத்திரசிகிச்சை முறைகளையும் எடுத்தோதுவர். அவை போற்றற்குரியனவே. ஆயின், அவற்றிற்கெல்லாம் முன்னிற்கும் ஒரு பணி பெரும்பாலும் பேசப்படுவதில்லை. நோயாளியின் குருதியிலும் இழையத்திலும் கண்டதைப் பிழையின்றிப் பதிந்து, உரியவர்க்கு உரிய வேளையில் அறிவித்து, பின்னரும் தேடியெடுக்கத்தக்கவாறு காத்து வைப்பதே அப்பணி. நோயியல் ஆய்வுகூடங்களிற் பொறிகளுக்கு அளிக்கப்படும் மதிப்பு இப்பதிவுப் பணிக்கும் அளிக்கப்படல் வேண்டும் என்பது எமது துணிபு.

இது மிகையன்று என்பதற்குக் கனடாவின் நியூபவுண்லாந்து-லாப்ரடோர் மாகாணத்தில் நிகழ்ந்ததொன்று சான்றாகும். மார்பகப் புற்றுநோய்க் கலங்களில் ஈஸ்திரோசன் முதலிய ஓமோன்களுக்குரிய வாங்கிகள் உண்டா, இல்லையா என ஆராய்வது வழக்கம். உண்டெனின், தமொக்சிபென் போன்ற மருந்தினாற் பயன் விளையலாம். இல்லையெனின், அம்மருந்து பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை. 1997 தொடக்கம் 2005 வரை அம்மாகாணத் தலைநகரான சென் ஜோன்ஸில் நடைபெற்ற இச்சோதனைகள் பலவற்றில் உள்ளது இல்லையென எழுதப்பட்டது. 2005இல் ஐயம் எழவே, ஏறக்குறைய ஆயிரம் நோயாளரின் மாதிரிகள் ரொறன்ரோ நகருக்கு அனுப்பப்பட்டு மீள ஆராயப்பட்டன. 380இற்கு மேற்பட்டோரின் முடிவுகள் பிழையெனத் தெரிந்தன. 2007இல் நீதியரசர் மார்கரட் கமரன் தலைமையில் விசாரணை ஆணைக்குழு நியமிக்கப்பெற்றது. அதன் அறிக்கை 2009இல் வெளிவந்தது.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கற்கவேண்டியவை இரண்டு. இழையத் துண்டுகள் மெழுகிற் பதிக்கப்பட்டுப் பேணப்பட்டிருந்தமையால், ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் அவற்றை மீள ஆராய முடிந்தது. ஆனால், எவரெவர்க்குச் சோதனை நடந்தது, எவரெவர்க்குப் புதிய முடிவு அறிவிக்கப்பட்டது என்பவற்றை ஐயமறக் காட்டும் முழுமையான பட்டியல் ஓரிடத்தில் இருக்கவில்லை. 2008இலும் அறிவிக்கப்படாதிருந்தோர் சிலர் கண்டறியப்பட்டனர். இழையம் காக்கப்பட்டது, அதற்குரியவரின் கணக்குக் காக்கப்படவில்லை. இது முதலாவது.

மார்பகப் புற்றுநோயாளர் நால்வரில் ஏறத்தாழ மூவர்க்கு ஈஸ்திரோசன் வாங்கி காணப்படும். எனவே, தனியொரு அறிக்கையில் "இல்லை" என்று எழுதப்பட்டிருப்பின் அதன் பிழையை எவரும் எளிதில் உணரார். அந்நான்காமவர் இவராக இருக்கலாம் என்றே கொள்வர். ஆண்டு முழுவதற்குமான முடிவுகளை ஒன்றுசேர்த்து எண்ணிப் பார்த்தாலன்றோ, "இல்லை"கள் அளவுக்கு மிஞ்சியமை புலனாகும்? பதிவேடு பூட்டி வைத்தற்கு மட்டும் உரியதன்று. ஆய்வுகூடம் தன் வேலையைத் தானே அளந்தறிதற்கும் உரியது. இது இரண்டாவது.

இனி எமது நாட்டு நிலையை நோக்குவோம். ஈண்டு நோயாளர் பலர் தம் அறிக்கைகளைத் தாமே சுமந்து, ஒரு வைத்தியரிடமிருந்து இன்னொரு வைத்தியரிடம் செல்கின்றனர். அத்தாளே அவர்தம் வரலாறு. எமது பெயர்களோ ஆங்கில எழுத்திற் பலவாறு எழுதப்படுவன. ஒருவரே இரு வேறு எழுத்துக்கூட்டலால் இருவராகிவிடுதல் கூடும். ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உடைய இருவர் ஒருவராகிவிடுதலும் கூடும். பெயரொன்றையே நம்பாது, பிறந்த திகதியையும் அடையாள எண்ணையும் சேர்த்துப் பதிவதே இதற்குப் பரிகாரம். இதனைக் கேட்கும் ஊழியரை நோயாளர் சினந்து கொள்ளலாகாது.

அலகு பற்றியும் ஒன்று கூறவேண்டும். குருதியிலுள்ள குளுக்கோசை எமது ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று குறிக்கின்றன. பிரித்தானியாவிலும் கனடாவிலும் லீற்றருக்கு இத்தனை மில்லிமோல் என்பர். இங்கு 126 எனப்படுவது அங்கு 7 ஆகும். தாய் யாழ்ப்பாணத்திலும் மகன் இலண்டனிலும் வாழும் இக்காலத்தில், அலகைச் சொல்லாது எண்ணை மட்டும் தொலைபேசியிற் கூறினால் வீண் அச்சமோ வீண் ஆறுதலோ விளையும். எண்ணும் அலகும் இயல்பான அளவின் எல்லையும் ஒருங்கே நில்லாத அறிக்கை குறையுடைய அறிக்கையே.

சில முடிவுகள் தாளில் ஏறி நடந்துசெல்லக் காத்திருக்க மாட்டா. குருதியிற் பொற்றாசியம் மிக உயர்ந்துவிடின், இதயம் எவ்வேளையிலும் நின்றுவிடக்கூடும். இத்தகைய முடிவுகளை உடனே வைத்தியருக்கு அறிவிக்கும் ஒழுங்கினை லொஸ் ஏஞ்சலிசில் ஜோர்ஜ் லண்ட்பேர்க் என்பார் 1972இல் எழுத்தில் வெளியிட்டார். அறிவித்தவர் யார், கேட்டவர் யார், எத்தனை மணிக்கு என்பன குறிக்கப்படல் வேண்டும். கேட்டவர் அவ்வெண்ணைத் திருப்பிச் சொல்லல் வேண்டும். இதற்கு விலையுயர்ந்த பொறி எதுவும் வேண்டியதில்லை. ஒழுங்கு ஒன்றே வேண்டும்.

கணினி வந்தபின் இக்கவலைகள் எதற்கு எனச் சிலர் வினவுவர். கணினி பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆயின், அது தனக்குக் கொடுக்கப்பட்டதையே காக்கும். படுக்கையருகே குழாயில் ஒட்டிய பெயர் மாறிவிடின், அப்பிழையையும் அது அழகாக அச்சிட்டுத் தரும். பிழை தெரிந்தபின் பழைய முடிவை அழித்துப் புதியதை வைத்தலும் தகாது. பழையது இன்னது, திருத்தியது இன்னது, திருத்தியவர் இன்னார் என்பன அறிக்கையிலே தெரியவேண்டும். பழையதை நம்பிச் சிகிச்சை தொடங்கிய வைத்தியருக்கும் அது சென்று சேரவேண்டும். இது மனிதர் செய்யவேண்டிய கடமை.

மருத்துவத்தை நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருந்து பணிசெய்வோர் என நான்கு கூறாக வகுத்தார் திருவள்ளுவர். வைத்தியரைப் போற்றுதலில் நாம் ஒருபோதும் குறைவைத்ததில்லை; கல்லூரி தந்த வைத்தியர்களின் தொகையைச் சொல்லிப் பெருமை கொள்ளுகின்றோம். நான்காவதாக நிற்போரை நாம் எண்ணுவதில்லை. மாதிரிக்கு எண்ணிடுபவரும் பதிவேட்டைப் பேணுபவரும் அந்நான்காம் கூற்றினரே. உயிரியல் கற்று ஆய்வுகூடஞ் சென்றவரும், கணிதங் கற்றுக் கணினித்துறை சென்றவரும் ஒன்றுகூடி ஆற்றவேண்டிய பணி இது.

வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்கள் ஊர் வைத்தியசாலைகளுக்குப் பொறிகளை நன்கொடையாக அளிக்க விரும்புவது நல்ல வழக்கம். அவர்களிடம் எமது விண்ணப்பம் ஒன்றுண்டு. பொறி ஒன்றை அளிக்கும்போது, அதன் முடிவுகளைப் பதிந்து பேணும் ஏற்பாட்டுக்கும், அதனை நடத்துவோரின் பயிற்சிக்கும் ஒரு பங்கை ஒதுக்குவீர்களாக. பொறியில் உங்கள் பெயர் பொறிக்கப்படலாம். பதிவேட்டில் நோயாளியின் பெயர் பிழையின்றி இருத்தல் அதனினும் பெரிது.