மூன்று மாதத்தில் வெப் டெவலப்பரா? வாப்பாமாரே, உம்மாமாரே, காசு கட்ட முன் ஒரு நிமிடம்!

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு ஊரெல்லாம் போஸ்டர். "3 மாதத்தில் வெப் டெவலப்பர் ஆகுங்கள், டொலரில் உழையுங்கள்!" நகையை அடகு வைத்தாவது பிள்ளையைச் சேர்த்துவிடப் பெற்றோர் ஓடுகிறார்கள். இந்தப் பிள்ளைகளோடு தினமும் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்கள் என்ற வகையில் நாங்கள் பகிரங்கமாகவே சொல்கிறோம்: இது பொய் வாக்குறுதி.

மூன்று மாதம் சாந்து குழைத்தவரை மேசன் பாஸ் என்று கூப்பிட்டு வீட்டுக்கு அத்திவாரம் போடக் கொடுப்போமா? அப்படியென்றால் பிள்ளையின் எதிர்காலத்தில் மட்டும் ஏன் இந்த அவசரம்?

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் படித்து ஒரு பக்கத்தை அழகாக அமைக்க மூன்று மாதம் போதும். யாரும் மறுக்கவில்லை. ஆனால் அது தொடக்கம் மட்டும்தான். அனுபவமுள்ள டெவலப்பரின் யோசனையே வேறு.

பணம் கட்டும் பட்டனை ஒருவர் அவசரத்தில் இரண்டு தடவை அழுத்தினால் காசு இரண்டு தடவை கழியுமா? மிச்சமிருக்கும் ஓர் இடத்துக்கு இருவர் ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் என்ன நடக்கும்? தரவுத்தளம் களவு போனாலும் கடவுச்சொற்களை வாசிக்க முடியாதபடி சேமித்திருக்கிறதா? சிக்னல் குறைந்த இடத்தில், பழைய போனில் பக்கம் திறக்குமா? "முதற்பெயர், குடும்பப்பெயர்" என்று இரண்டு கட்டம் வைத்தால், முன்னால் மூன்று இனிஷியலும் பின்னால் ஒரு பெயரும் உள்ள எங்கள் பிள்ளை எதை எங்கே எழுதும்?

இந்தக் கேள்விகள் எந்தப் போஸ்டரிலும் இல்லை. பிழைத்த வேலையைத் திரும்பத் திரும்பத் திருத்தித்தான் இவை கைவரும்.

கருவிகளும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு காலத்தில் ஃபிளாஷ் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு. 2020 டிசம்பர் 31 உடன் அடோபி நிறுவனம் அதைக் கைவிட்டது. அதை மட்டும் பாடமாக்கியவரின் வித்தை செல்லாக்காசு. ஆனால் 1995இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் இன்றும் நிற்கிறது. 2006இல் வந்த ஜேகுவரியும் 2013இல் வந்த ரியாக்டும் அதன் மேல் கட்டியவைதான். அடிப்படை தெரிந்தவர் கருவியை மாற்றிக்கொண்டு நடப்பார். அது தெரியாதவர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டணம் கட்டுவார்.

அனுபவம் என்றால் என்ன என்று இந்த நாடே ஒரு தடவை காட்டியது. 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல் போனோர், முகாம்கள், நிவாரணம் ஆகியவற்றைப் பதிவு செய்ய, இலங்கையின் மென்பொருள் துறையினர் தொண்டர்களாகக் கூடி 'சஹானா' என்ற இணைய மென்பொருளை உருவாக்கினார்கள். பிறகு வெளிநாட்டு அனர்த்தங்களிலும் அது பயன்பட்டது. அந்த அவசரத்தில் கைகொடுத்தது சான்றிதழ் அல்ல, வருடக்கணக்கான பழக்கம்.

ஆகவே காசு கட்ட முன் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. கற்பிப்பவர் தானே கட்டி, இன்றும் இயங்கும் தளம் எது? காட்டச் சொல்லுங்கள்.
2. பாடநெறி முடியும்போது பிள்ளை சொந்தமாகக் கட்டிய தளம் கையில் இருக்குமா, வெறும் சான்றிதழ்தானா?
3. அந்தச் சான்றிதழுக்கு என்.வி.கியூ. மட்டம் உண்டா?

பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வாருங்கள். தொடக்கப் பாடங்கள் ஃப்ரீகோட்கேம்ப் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பட்டம் வேண்டுமென்றால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி. வெளிவாரிப் பட்டம் இருக்கிறது.

ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து வருடம் இந்தத் தொழிலில் ஊறியவரிடம் "சின்ன வேலைதானே தம்பி, சும்மா ஒரு வெப்சைட் செய்து தாங்களேன்" என்கிறீர்கள். மூன்று மாதப் போஸ்டர்காரருக்கோ மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துகிறீர்கள். அந்த மேடைச் செலவை அனுபவமுள்ள அந்தத் தம்பிக்கு உரிய கூலியாகக் கொடுங்கள். ஐந்து பிள்ளைகளை ஒரு வருடம் அவர் பக்கத்தில் இருத்துங்கள். சங்கத்துக்குத் தளமும் கிடைக்கும், ஊருக்கு ஐந்து தொழில்காரர்களும் கிடைப்பார்கள்.

பிள்ளைகளுக்குத் தேவை சுவரில் மாட்டும் சட்டகம் அல்ல, கையில் தொழில்.