விலை தமிழ்நாட்டுக்கும் உண்டு; பரிசு தமிழ்நாட்டுக்கு இல்லையாம்!

“தமிழ்நாட்டில் செல்லாது.” இந்த இரண்டே இரண்டு சொற்களுக்குள் பெரிய கம்பெனிகளின் பித்தலாட்டம் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. குளிர்பானப் பாட்டிலிலும், பிஸ்கட் பொட்டலத்திலும், கைபேசித் திரையிலும் பரிசு என்ற சொல் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக இருக்கும். “தமிழ்நாட்டில் செல்லாது” என்பது மட்டும் கடுகினும் சிறிதாக, அதுவும் ஆங்கிலத்தில், ஓர் ஓரத்தில் ஒளிந்திருக்கும்.

தியாகதுருகம் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள வாலிபர்களிடம் பேசிப் பாருங்கள். கொதித்துப் போயிருக்கிறார்கள். அவர்கள் கைபேசியில் விளையாடுகிறவர்கள். துப்பாக்கிச் சண்டை, கார் பந்தயம், கிரிக்கெட் என்று நாலு பேர் கூடி ஆடுகிறவர்கள். அவர்களைக் குறிவைத்தே இன்று போட்டிகள் நடத்தப்படுகின்றன. பாட்டில் மூடிக்குள் ஒரு ரகசிய எண். அதைப் பதிவு செய்தால் விளையாட்டுக் கருவி பரிசு, கைபேசி பரிசு, விளையாட்டுக்குள் வரும் வீரனுக்குப் புதுச் சட்டை பரிசு! மாதக்கணக்கில் விளம்பரம். நடிகர் வருகிறார், கிரிக்கெட் வீரர் வருகிறார், பிரபல ஆட்டக்காரர்கள் எல்லாம் வந்து “வாங்கு, ஆடு, வெல்லு” என்று கூவுகிறார்கள்.

நமது வாலிபன் வாங்குகிறான். மூடியைத் திறந்து எண்ணைப் பதிகிறான். பெயரைக் கேட்கிறது; கொடுக்கிறான். கைபேசி எண்ணைக் கேட்கிறது, கொடுக்கிறான். கடைசியில் எந்த மாநிலம் என்று கேட்கிறது. மாநிலங்களின் பட்டியலைத் தேடுகிறான். அதில் தமிழ்நாடு இல்லை!

“ஏன் தோழர், நம்ம ஊரு காசு மட்டும் அவங்களுக்குச் செல்லுமா?” என்று கேட்டான் ஒரு தம்பி. இதைவிடக் கூர்மையான கேள்வியை எந்தப் பொருளாதார நிபுணனும் கேட்டுவிட முடியாது. இந்தக் கேள்விக்குக் கம்பெனிகள் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் கோபத்தை யார்மீது திருப்புவது? இங்கேதான் தெளிவு வேண்டும்.

குற்றவாளி சட்டமா?

“எல்லாம் நம் மாநிலத்துச் சட்டத்தால் வந்த வினை. அது இல்லாவிட்டால் நமக்கும் பரிசு கிடைத்திருக்கும்” என்று சிலர் பிரசாரம் செய்கிறார்கள். வாலிபர்களில் பலர் அதை நம்பவும் செய்கிறார்கள். கம்பெனிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஏமாற்றியவன் நழுவிவிடுகிறான், ஏமாந்தவன் தன்னுடைய வேலியையே பிடுங்கி எறியக் கிளம்புகிறான்!

அந்தச் சட்டம் என்ன? தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் (தடை) சட்டம், 1979. பொருள் வாங்குகிறவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் பொறுக்கியெடுத்துப் பரிசு தருகிறேன் என்று ஆசை காட்டி வியாபாரம் செய்வதை அது தடுக்கிறது. சரக்கின் தரத்தையும் விலையையும் காட்டி விற்பனை செய், அதிர்ஷ்டத்தைக் காட்டி விற்காதே என்பதுதான் அதன் சாரம். இதில் ஜனங்களுக்கு என்ன கேடு?

இந்தச் சட்டத்தைக் காட்டித்தான், பணம் அனுப்பும் செயலியான கூகுள் பே தனது சுரண்டும் அட்டைப் பரிசுகள் தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்கு இல்லை என்று நிபந்தனை போட்டது. நமது ஜனங்கள் அதைச் ‘சுரண்டல் அட்டை’ என்கிறார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்! விரலால் நாம் அட்டையைச் சுரண்டுகிறோம், அட்டையால் அவன் நம்மைச் சுரண்டுகிறான்.

2019 தீபாவளியின்போது அதே கம்பெனி தேசமெங்கும் நடத்திய கூத்தை நினைத்துப் பாருங்கள். ஐந்து முத்திரைகளைச் சேர்த்தால் 251 ரூபாய் என்றார்கள். நான்கு முத்திரைகள் கிடைத்துவிடும். ‘ரங்கோலி’ என்ற ஐந்தாவது மட்டும் லேசில் கிடைக்காது. அதற்காக லட்சக்கணக்கானவர்கள் உற்றார் உறவினரிடமெல்லாம் “ரங்கோலி இருக்கிறதா?” என்று யாசகம் கேட்டார்கள். கம்பெனிக்குக் கூலியில்லா விளம்பர ஆட்கள் கிடைத்தார்கள். 251 ரூபாய்க்குத் தேசத்தின் பொழுதையே வாங்கிய வியாபாரம் அது!

தமிழகம் பட்ட பாடு

இத்தகைய தடைகள் தமிழ்நாட்டில் சும்மா வந்துவிடவில்லை. 1968-ல் அரசாங்கமே பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கியது. பிறகு வெளிமாநிலச் சீட்டுகளும் தனியார் சீட்டுகளும் தெருவெங்கும் குவிந்தன. கூலி வாங்கிய கையோடு சீட்டுக் கடைக்குப் போன தொழிலாளியை நாம் பார்த்திருக்கிறோம். வெறுங்கையோடு வீடு திரும்பியவனின் மனைவி பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறோம். 2003-ல்தான் லாட்டரி முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது.

கடையை மூடினால் சூதாட்டம் கைபேசிக்குள் குடியேறியது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து கடனாளியாகித் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. நீதியரசர் சந்துரு தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பின்னர் 2022 அக்டோபரில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ஆர்.என். ரவி என்ன செய்தார்? மாதக்கணக்கில் கிடப்பில் போட்டு, 2023 மார்ச்சில் திருப்பியனுப்பினார். சட்டமன்றம் இரண்டாவது முறை நிறைவேற்றிய பிறகே, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அப்போதும் கம்பெனிகள் ஓயவில்லை. நீதிமன்றத்துக்கு ஓடின. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. கடைசியில் 2025 ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தைப் பாராளுமன்றமே நிறைவேற்ற வேண்டியதாயிற்று. ட்ரீம் 11 போன்ற கம்பெனிகள் அதன் பிறகே பணப் போட்டிகளை நிறுத்தின.

ஒவ்வொரு தடைக்குப் பின்னாலும் அழிந்துபோன குடும்பங்களின் கண்ணீர் இருக்கிறது. பாட்டில் மூடிப் பரிசு வேண்டுமென்பதற்காக இந்த வேலியைப் பிடுங்கச் சொல்வது என்ன நியாயம்?

பரிசுப் பணம் யாருடையது?

சரி, தடை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். நமக்கு என்ன கிடைத்துவிடும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கம்பெனி 20 ரூபாய் பாட்டில் ஒரு கோடி விற்கிறது என்று வையுங்கள். 20 கோடி ரூபாய் வசூல். இருபது பேருக்குத் தலைக்கு ஒரு லட்சம் பரிசு என்று தமுக்கு அடிக்கிறது. மொத்தப் பரிசு 20 லட்சம். ஒரு பாட்டிலுக்கு 20 காசு! அந்தக் காசும் முதலாளியின் பெட்டியிலிருந்து வருவதல்ல, வாங்குகிறவன் கொடுத்த 20 ரூபாய்க்குள்ளிருந்தே வருவது. தோற்ற லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்து ஜெயித்த இருபது பேருக்குக் கொடுக்கிறார்கள். பெயர் மட்டும் கம்பெனிக்கு!

இந்தக் கணக்கில் ஐந்து லட்சம் பாட்டிலுக்கு ஒரு பரிசு. நமது கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ஜனத்தொகை 2011 கணக்குப்படி சுமார் 13 லட்சத்து 70 ஆயிரம். கல்வராயன் மலையின் கடைசிக் கிராமத்துக் கைக்குழந்தை உட்பட ஆளுக்கொரு பாட்டில் வாங்கினாலும் மாவட்டம் முழுவதற்கும் மூன்று பரிசு தேறாது!

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். தமிழ்நாட்டில் அதே பாட்டில் அதே விலைக்குத்தான் விற்கப்படுகிறது. பரிசுக்கான 20 காசு நம்மிடமும் வசூலாகிறது. ஆனால் பரிசு நமக்கு இல்லை. போட்டியில் சேர முடியாதவனிடமும் போட்டிக்கான கட்டணம் வசூல்! இதற்குப் பெயர் பகற்கொள்ளை அல்லாமல் வேறென்ன?

போட்டியில் சேர முடிந்தவர்கள் மட்டும் சுகமாக வாழ்ந்தார்களா? 1992-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் பெப்சி கம்பெனி மூடிக்குள் எண் போட்டுப் பரிசு அறிவித்தது. உச்சப் பரிசு 10 லட்சம் பெசோ. மே 25 அன்று 349 என்ற எண்ணுக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். அந்த எண் போட்ட மூடிகளோ லட்சக்கணக்கில் இருந்தன! ஏழை ஜனங்கள் மூடியை ஏந்திக்கொண்டு ஓடினார்கள். கம்பெனி கையை விரித்தது. ஆளுக்கு 500 பெசோ தருவதாகச் சமாதானம் பேசியது. கலகம் மூண்டது, லாரிகள் எரிந்தன, உயிர்களும் பலியாயின. வழக்குகள் வருஷக்கணக்கில் இழுத்தன. 2006-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டது. அதிர்ஷ்டத்தை நம்பிய ஏழைக்கு மிஞ்சியது மூடிதான்.

கேரளத்தைக் காட்டுகிறவர்களுக்கு

“கேரளத்தில் 1967 முதல் லாட்டரி நடக்கிறதே, உங்கள் தோழர் நம்பூதிரிபாடு முதலமைச்சராக இருந்தபோது ஆரம்பித்ததுதானே?” என்று மடக்கப் பார்ப்பார்கள். ஆம், அப்போது ஆரம்பித்ததுதான். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே சீட்டு என்று சொல்லித்தான் சீட்டை விற்கிறார்கள். குலுக்கல் பகிரங்கமாக நடக்கிறது. வருமானம் அரசு கஜானாவுக்குப் போகிறது. அதில் ஒரு பகுதி ஏழைகளின் வைத்தியத்துக்கும் செலவாகியிருக்கிறது. பாட்டில் கம்பெனி எந்த ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறது? அப்படியிருந்தும், அந்த லாட்டரி தமிழ்நாட்டுக்கு வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உழைப்பாளியின் கூலியை அதிர்ஷ்டத்தின் வாயில் போடுவது எந்த அரசு செய்தாலும் நல்ல வழியல்ல.

உண்மையான குற்றம்

ஆகவே குற்றம் எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டில் கொடுக்க முடியாத பரிசைத் தமிழ்நாட்டில் விளம்பரம் செய்கிறார்களே, அங்கே இருக்கிறது. ஆசையைத் தமிழில் ஊட்டிவிட்டு நிபந்தனையை ஆங்கிலத்தில் ஒளிக்கிறார்களே, அங்கே இருக்கிறது. பரிசு கிடையாது என்று முன்பே தெரிந்தும் நம் வாலிபர்களின் பெயரையும் கைபேசி எண்ணையும் கறந்துகொள்கிறார்களே, அங்கே இருக்கிறது.

இதைத் தடுக்க விதி இல்லாமல் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2022 ஜூனில் வெளியிடப்பட்ட வழிகாட்டு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: விளம்பரம் எந்த மொழியிலோ அதே மொழியில் நிபந்தனையும் இருக்க வேண்டும், எழுத்தும் அதே மாதிரி இருக்க வேண்டும், பார்வைக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். திரும்பவும் மீறினால் 50 லட்சம் வரை. ஏட்டில் இருக்கும் இந்த விதி, சேலம் நெடுஞ்சாலையோரத்துப் பெட்டிக்கடையில் தொங்கும் பொட்டலத்தை எட்டிப் பார்க்கவில்லை. ஏழை வியாபாரியின் தராசை முத்திரை இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கும் அதிகாரிகளுக்கு ஏகபோகக் கம்பெனியின் பொடி எழுத்து மட்டும் கண்ணில் படாதா?

விளையாடுவது குற்றமல்ல

வாலிபர்களை நாம் கண்டிக்க வரவில்லை. பகலெல்லாம் கரும்பு வெட்டியவனும், கட்டட வேலைக்குப் போய்த் திரும்பியவனும், வேலை தேடி அலுத்த பட்டதாரியும் அரைமணி நேரம் சிநேகிதர்களோடு விளையாட நினைப்பதில் என்ன தவறு? விளையாட்டு மனிதனின் உரிமை. அந்த உரிமைக்குள் கல்லாப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தவன்தான் குற்றவாளி. விளையாட்டுக்கு உள்ளேயே பணம் கட்டிப் பெட்டியைத் திறந்து அதிர்ஷ்டம் பார்க்கும் முறையைச் சூதாட்டம் என்றே பெல்ஜியம் 2018-ல் அறிவித்தது. அங்கே கண் திறந்திருக்கிறது. இங்கே ஏன் மூடியிருக்க வேண்டும்?

நமது கோரிக்கைகள் இவை:

1. தமிழ்நாட்டில் செல்லாத பரிசுப் போட்டியைத் தமிழ்நாட்டில் விளம்பரம் செய்யக் கூடாது. பரிசு அச்சிட்ட பொட்டலங்களை இங்கே விற்கவும் கூடாது.

2. மாநிலத்தை முதலில் கேட்டு, தகுதியில்லை என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். பெயரும் எண்ணும் வாங்கக் கூடாது. வாங்கியவற்றை அழிக்க வேண்டும்.

3. 2022 விதிகளைக் கடைத்தெரு வரை அமல்படுத்த வேண்டும்.

4. 1979 சட்டத்தில் கை வைக்கக் கூடாது.

5. தியாகதுருகம் வட்டாரத்திலும் கல்வராயன் மலையிலும் வாலிபர்களுக்கு நல்ல மைதானமும், இரவு வரை திறந்திருக்கும் படிப்பகமும், எல்லாவற்றுக்கும் மேலாக வேலையும் வேண்டும்.

வாலிபத் தோழர்களே! ஏமாந்த பாட்டில் மூடிகளையும் பொட்டலங்களையும் தூக்கி எறியாதீர்கள். சேர்த்து வையுங்கள். விளம்பரத்தையும் பொடி எழுத்தையும் படம் பிடியுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கூட்டமாகச் சென்று மனுக் கொடுங்கள். தனித்தனியே திரையைப் பார்த்துத் திட்டுவதால் எந்தக் கம்பெனிக்கும் ஒரு மயிரிழைச் சேதமும் வராது. நூறு பேர் சேர்ந்து ஒரே கேள்வியைக் கேட்டால் பதில் சொல்லியே தீர வேண்டும்.

எங்கள் காசு செல்லுமானால் எங்களுக்கு உண்மையைச் சொல். உண்மையைச் சொல்ல மாட்டாய் என்றால் உன் சரக்கு எங்களிடம் செல்லாது!