போதை யாருக்குச் சலுகை?

"போதையில பண்ணிட்டான், தெளிஞ்சா தங்கமான பையன்." "குடிக்கிற பொண்ணு, அந்த நேரத்துல அவளுக்கு அங்க என்ன வேலை?" ஒரே இரவு, ஒரே பாட்டில். அவன் குடித்தது அவன் செய்த குற்றத்தைக் குறைக்கிறது. அவள் குடித்தது அவளுக்கு நேர்ந்ததற்கு அவளையே பொறுப்பாக்குகிறது. ஊர்ப் பஞ்சாயத்திலிருந்து உறவினர் வீட்டுத் திண்ணை வரை இதுதான் நியாயம். சட்டப் புத்தகமோ இதற்கு நேர்மாறாக, 160 ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

1860இல் நிறைவேறி 2024 வரை அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 86ஆம் பிரிவைப் பாருங்கள். தானாக விரும்பிக் குடித்தவன், தெளிவோடு இருந்திருந்தால் எதையெல்லாம் அறிந்திருப்பானோ, அதையெல்லாம் அறிந்தவனாகவே கருதப்படுவான். அவனுக்குத் தெரியாமலோ அவன் விருப்பத்துக்கு மாறாகவோ யாரேனும் கொடுத்திருந்தால் மட்டுமே விலக்கு. 90ஆம் பிரிவு மறுபக்கத்தைச் சொல்கிறது: எதற்குச் சம்மதிக்கிறோம், அதனால் என்ன ஆகும் என்று புரியாத அளவு போதையில் இருப்பவர் தரும் சம்மதம் சம்மதமே அல்ல. பெண்கள் மேல் கரிசனம் கொண்டு எழுதப்பட்ட சட்டம் அல்ல அது. ஆனாலும் இந்த இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் படித்தால் திண்ணை நியாயம் நிற்க இடமில்லை.

சம்மதம் பற்றிய இந்த விதி பலாத்காரப் பிரிவுக்குள் வந்துசேர ஒரு பெண்ணின் துயரம் தேவைப்பட்டது. 1972இல் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமை அது. தன்னைத் தொட்ட தலைமைக் காவலர் கடும் போதையில் இருந்தார் என்ற அவளுடைய கூற்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. உடலில் காயம் இல்லை, ஆகவே எதிர்ப்பு இல்லை என்று வாதம் போயிற்று. 1978இல் குற்றம் சாட்டப்பட்ட காவலர் இருவரும் விடுதலை. மறு ஆண்டு உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள், பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983 திருத்தத்தில், போதையால் புரியாத நிலையில் பெறப்பட்ட சம்மதம் செல்லாது என்பது பலாத்காரக் குற்றத்துக்கான பிரிவிலேயே இடம்பெற்றது. 2013இல் சம்மதத்துக்கு விளக்கமும் வந்தது: தானாக, தெளிவாக, அந்தச் செயலுக்கென்றே தரும் இசைவுதான் சம்மதம், எதிர்த்துப் போராடவில்லை என்பது மட்டும் இசைவாகாது. 2024 ஜூலை 1 முதல், பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவில் இதுவே தொடர்கிறது.

எழுத்து மாறியது, நாக்கு மாறவில்லை. 2020இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் உத்தரவில், அந்தப் பெண் ஏன் அவனோடு சேர்ந்து குடிக்க மறுக்கவில்லை என்று கேட்டது. 2025இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், நண்பர்களோடு பாருக்குப் போன மாணவி தானே தொல்லையை வரவழைத்துக்கொண்டதாக எழுதியது. உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. குடிக்கும் பெண் என்பவள் நேற்று மேற்கிலிருந்து இறங்கி வந்தவளும் அல்ல. அதியமானோடு கள் பகிர்ந்த ஔவையை நாம் பாடப்புத்தகத்தில் கொண்டாடுகிறோம்.

குடித்தால் உடலுக்குள் நடப்பதையும் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மது ஆசையை மூட்டும் என்பது பாதி நம்பிக்கைதான். 1976இல் டெரன்ஸ் வில்சன், டேவிட் லாசன் என்ற உளவியலாளர்கள் ஆண்களிடம் சோதித்தபோது, மது அருந்தியதாக நம்பியவர்களுக்கே கிளர்ச்சி கூடியது. கோப்பையில் உண்மையில் மது இருந்ததா இல்லையா என்பது முக்கியமாக இருக்கவில்லை. அளவு கூடக்கூட உடல் மந்தமாகும், விறைப்பு தளரும். அதைவிட ஆபத்து, பார்வை குறுகிப்போவது. போதையில் கண்ணுக்கு அருகில் இருப்பதே பெரிதாகத் தெரியும். அவள் சிரித்தது தெரியும். கையை இழுத்துக்கொண்டது தெரியாது. இன்னொன்று: அதிகம் குடித்தவர் நடப்பார், பேசுவார், பதிலும் சொல்வார், மூளை மட்டும் எதையும் நினைவில் பதியாது. மறுநாள் "எதுவும் ஞாபகம் இல்லை" என்று அவள் சொன்னால் அது பொய்யல்ல.

தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு மது விற்கக் கூடாது. வாங்குபவன் ஒளிந்து வாங்குகிறான், ஒளிந்து குடிக்கிறான், அவசரமாகக் குடிக்கிறான். கடைக்குப் பக்கத்து சந்தில் பிளாஸ்டிக் டம்ளரில் ஒரு கட்டிங்கை ஊற்றி, தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து ஊற்றி, ஒரே மூச்சில் முடிக்கிறான். அந்த 90 மில்லியில் சுமார் 30 கிராம் ஆல்கஹால்; கல்லீரல் அதைக் கரைக்க மூன்று மணி நேரமாவது ஆகும். மோரோ எலுமிச்சையோ குளியலோ அதை விரைவுபடுத்தாது. அதே அளவு பெண்ணின் ரத்தத்தில் பெரும்பாலும் கூடுதலாகவே ஏறும். குடிக்காமலிருப்பதே நல்லது. குடிப்பவர்கள் சாப்பிட்டுவிட்டுக் குடியுங்கள், நடுநடுவே தண்ணீர் குடியுங்கள், கண் முன்னால் ஊற்றாததைத் தொடாதீர்கள், கூட்டத்தில் ஒருவராவது குடிக்காமல் இருங்கள். மட்டையானவரைத் தனியே விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், மூச்சு மெதுவானால் 108ஐக் கூப்பிடுங்கள். இருவரில் ஒருவருக்கு நடை தடுமாறினாலும் நாக்குக் குழறினாலும் அன்று எதுவும் வேண்டாம், தெளிந்தபின் பேசிக்கொள்ளலாம். பலாத்காரம் நடந்துவிட்டால் அரசு, தனியார் எதுவானாலும் மருத்துவமனை இலவசமாக முதல் சிகிச்சை தந்தாக வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம். குடித்திருந்தோம் என்ற வெட்கத்தில் அந்த மணிகளை இழந்துவிடாதீர்கள்.

இவ்வளவும் சொன்னபின் ஒரு கதவு மூடியே இருக்கிறது. நம் ஊரில் போதையும் பாலுறவும் அதிகமாகச் சந்திக்கும் இடம் பார் அல்ல, வீடு. டாஸ்மாக் கடையை மூடச் சொல்லி மறியலில் உட்காரும் பெண்கள் அடியைப் பற்றிச் சொல்கிறார்கள், அடகுபோன தாலியைப் பற்றிச் சொல்கிறார்கள். குடித்துவிட்டு வருபவனுக்கு இரவில் மறுப்புச் சொல்ல முடியாததைக் கேமரா முன்னால் எப்படிச் சொல்வார்கள்? சொன்னாலும், பலாத்காரக் குற்றத்திலிருந்து கணவனுக்குத் தரப்பட்ட விதிவிலக்கை 1860இலிருந்து 2024 வரை எந்தத் திருத்தமும் முழுதாக எடுக்கவில்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட மனைவிக்கு மட்டும் 2017இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் வன்முறையையும் குறிப்பிடுகிறது. பாதுகாப்பு ஆணை கிடைக்கும், பலாத்காரம் என்ற பெயர் கிடைக்காது. 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இதில் மாறுபட்ட தீர்ப்புத் தந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. கல்லூரிப் பையனுக்குச் சம்மதம் பற்றி வகுப்பு எடுக்கச் சொல்லும் அரசு, அவன் அப்பாவின் விஷயத்தில் மட்டும் விதிவிலக்கு நீடிக்க வேண்டும் என்று 2024இல் அந்த வழக்கில் சொல்லியிருக்கிறது.