பிள்ளையின் உடம்பில் சின்ன வித்தியாசம்: ஸ்பெஷலிஸ்ட்டிடம் போகணுமா, வேண்டாமா?



பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தோட்டத்துக் கிளினிக் வாசலில் ஒரு குடும்பம் வந்து நிற்கும். துணியில் சுற்றிய பிள்ளையோடு தாய், பக்கத்தில் பாட்டி, பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தகப்பன். "டிரசரையா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று துணியை விலக்குவார்கள். சுண்டு விரலை ஒட்டி மெல்லிய தோலில் ஒரு குட்டி விரல் தொங்கிக்கொண்டிருக்கும்.

"ஆறு விரல் அதிர்ஷ்டம்யா, அப்படியே விட்டுருங்க" என்பார் பாட்டி. "நூலைக் கட்டி வச்சா தானா விழுந்துடுமாமே, பக்கத்து வீட்டுல சொன்னாங்க" என்பாள் தாய். "கடன வாங்கியாவது நாளைக்கே பட்டணத்துல பெரிய ஸ்பெஷலிஸ்ட்கிட்ட காட்டிடறேன்" என்பார் தகப்பன்.

மூவரும் பிள்ளை மேல் வைத்த பாசத்தால்தான் பேசுகிறார்கள். ஆனால் மூன்று பேச்சும் தவறு. வீட்டில் நூல் கட்டினால் புண்ணாகிச் சீழ் பிடிக்கலாம், ரத்தம் ஒழுகலாம், அடியில் மொட்டு மாதிரி ஒன்று மிஞ்சிப் பிற்காலத்தில் வலிக்கலாம். அதற்காக நாளைக்கே கடன் வாங்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசரமும் இதில் இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, கடிதம் வாங்கி, தேதி கொடுத்த நாளில் போனால் போதும். அதே கூடுதல் விரல் கட்டைவிரல் பக்கம் இருந்தாலோ, உள்ளே எலும்பு தட்டுப்பட்டாலோ கட்டாயம் ஸ்பெஷலிஸ்ட் பார்க்க வேண்டும். பிடிக்கிற கை அல்லவா!

இந்த விஷயத்தில் நம்மவர்கள் செய்கிற பெரிய தவறு, கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதைக் கண்டு பயப்படுவதும், கண்ணுக்குத் தெரியாததை மறந்துவிடுவதும்தான் என்பது என் கருத்து. உதாரணம் சொல்கிறேன்.

பிள்ளையின் முதுகிலும் பின்புறத்திலும் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாகப் படர்ந்திருக்கும். பார்த்தால் அடி விழுந்த மாதிரி இருக்கும். நம் பிள்ளைகளிடமும் மலாய், சீனப் பிள்ளைகளிடமும் இது சர்வ சாதாரணம். ஒரு கெடுதியும் இல்லை, சில வருடங்களில் மங்கிவிடும். ஸ்பெஷலிஸ்ட் வேண்டாம். ஆனால் ஒன்று செய்யுங்கள்: கிளினிக்கில் கொடுத்த பிள்ளையின் புத்தகத்தில் அதை எழுதி வைக்கச் சொல்லுங்கள். பின்னால் யாராவது "பிள்ளையை அடிச்சீங்களா?" என்று கேட்டால் அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும்.

இன்னொரு பிள்ளை, ஆண் பிள்ளை, கொழுகொழுவென்று இருக்கிறான். ஒரு பக்க விரை மட்டும் பைக்குள் இறங்கவில்லை. வலி இல்லை, அழுகை இல்லை, பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் படாது. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு இப்படி இருக்கும். குறைமாதப் பிள்ளைகளிடம் இன்னும் அதிகம். பெரும்பாலும் முதல் சில மாதங்களில் தானாக இறங்கிவிடும். 6 மாதத்துக்குள் இறங்கவில்லை என்றால் அதற்குப் பிறகு இறங்கும் என்று காத்திருப்பதில் பயன் இல்லை. ஸ்பெஷலிஸ்ட்டிடம் அனுப்ப வேண்டும், ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் முடிந்துவிடுவது நல்லது. தாமதித்தால் பிற்காலத்தில் குழந்தைப் பேறு பாதிக்கப்படலாம். அந்த விரையில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும். பிறந்த அன்றே இரண்டு பக்கமும் கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் கதையே வேறு. அன்றைக்கே டாக்டர் பார்த்தாக வேண்டும்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு பையனை இரண்டாம் மாதத்தில் என்னிடம் கொண்டுவந்தார்கள். "இறங்கிடும்மா, பயப்படாதே" என்று சொல்லி அனுப்பினேன். சொன்னது பொய்யல்ல. ஆனால் "ஆறாம் மாசம் திரும்பக் கொண்டு வா" என்று நான் சொல்லவில்லை, புத்தகத்திலும் எழுதவில்லை. நாலு வயதில் காய்ச்சல் என்று வந்தபோதுதான் மறுபடி பார்த்தேன். இறங்கவே இல்லை. ஆபரேஷன் நடந்தது. அந்த விரை சுருங்கிப் போயிருந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. "நீங்கதானே ஐயா இறங்கிடும்னு சொன்னீங்க" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று முதல் "சரியாயிடும்" என்ற வார்த்தையைத் தேதி இல்லாமல் நான் சொல்வதில்லை. நீங்களும் தேதி இல்லாமல் அதை வாங்கிக்கொள்ளாதீர்கள். டாக்டரோ, மிசியோ, என்னைப் போன்ற டிரசரோ யார் சொன்னாலும் சரி, "எப்பக்குள்ள சரியாகணும்? ஆகலைன்னா எந்த மாசம் வரணும்?" என்று கேளுங்கள். பதிலைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். இது மரியாதைக் குறைவு ஆகாது, உங்கள் உரிமை.

சரி, ஒரு வித்தியாசத்தைப் பார்த்தால் எப்படி முடிவு செய்வது? மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: பிள்ளையின் காரியத்துக்கு அது இடைஞ்சலா? பால் குடிப்பது, மூச்சு விடுவது, சிறுநீர் மலம் போவது, கை கால் அசைப்பது ஆகியவைதான் பிறந்த பிள்ளையின் காரியங்கள். நாக்கின் அடியில் தோல் ஒட்டியிருந்தாலும் பிள்ளை நன்றாகச் சப்பிக் குடிக்கிறது, எடை ஏறுகிறது என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். குடிக்க முடியவில்லை, தாய்க்கு மார்க்காம்பு புண்ணாகிறது, எடை ஏறவில்லை என்றால் காட்டுங்கள். வீட்டில் யாரும் பிளேடை எடுக்க வேண்டாம்.

இரண்டாம் கேள்வி: காத்திருந்தால் கெட்டுப் போகுமா? தொப்புள் பிதுங்கியிருந்தால் பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானாக மூடிக்கொள்ளும். காசை வைத்துக் கட்டுவது வீண் வேலை, புண்தான் மிச்சம். ஆனால் தொடை இடுக்கில் அழும்போது ஒரு வீக்கம் எழும்பி, அடங்கியதும் மறைந்தால் அது குடலிறக்கம். அது தானாகப் போகாது. குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து கைப்பிள்ளைகளுக்குத்தான் அதிகம்; ஆகவே சீக்கிரம் கடிதம் வாங்குங்கள். தொப்புளானாலும் தொடை இடுக்கானாலும், வீக்கம் கெட்டியாகி, நிறம் மாறி, பிள்ளை வாந்தி எடுத்தால் இரவு பகல் பார்க்காதீர்கள்.

பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தால் விரலால் மெதுவாக நேராக்கிப் பாருங்கள். சுலபமாக நேராக வந்தால் கருவில் மடங்கிக் கிடந்த பழக்கம்தான். விறைப்பாக நின்றால் அது வளைபாதம். முதல் சில வாரங்களிலேயே வாரம் ஒரு மாவுக்கட்டு என்று ஆரம்பித்தால் பெரிய ஆபரேஷன் இல்லாமலே பெரும்பாலும் நேராக்கிவிடலாம். "முப்பது கழியட்டும், பேர் வச்ச பிறகு பார்க்கலாம்" என்கிற பேச்சு இங்கே வேண்டாம். தாய்க்குப் பத்தியம் என்றால் தகப்பனும் பாட்டியும் தூக்கிக்கொண்டு போகட்டும்.

ஆண் பிள்ளைக்குச் சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருந்தால் அவசரம் இல்லை, ஆனால் ஸ்பெஷலிஸ்ட் கட்டாயம். சுன்னத் செய்யும் வழக்கமுள்ள குடும்பங்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஸ்பெஷலிஸ்ட் பார்க்கும் வரை சுன்னத் செய்யக் கூடாது. அந்தத் தோல்தான் பிறகு சரிசெய்யத் தேவைப்படும்.

மூன்றாம் கேள்வி: அது தனியாக இருக்கிறதா, துணையோடு இருக்கிறதா? காதுக்கு முன்னால் ஊசி குத்தியது போல் ஒரு துளை மட்டும் இருந்தால் பயமில்லை. பிதுக்காதீர்கள், காது கேட்கிறதா என்று மட்டும் சோதிக்கச் சொல்லுங்கள். முதுகுத்தண்டின் அடியில், பின்புறப் பிளவுக்குள் சின்னக் குழி மட்டும் இருந்தால் அதுவும் சாதாரணம். அதே குழி ஆசன வாயிலிருந்து இரண்டரை சென்டிமீட்டருக்கு மேலே இருந்தாலோ, அரை சென்டிமீட்டரை விட அகலமாக இருந்தாலோ, அங்கே மயிர்க்கொத்தோ கட்டியோ சிவப்புத் தழும்போ சேர்ந்திருந்தாலோ, உள்ளே தண்டுவடத்தைப் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதத்துக்குள் என்றால் சாதாரண ஸ்கேனிலேயே பார்க்கலாம். எலும்பு முற்றிய பிறகு அது தெளிவாகத் தெரியாது. காதில் ஒன்று, விரலில் ஒன்று, முகத்தில் ஒன்று என்று ஒரே பிள்ளையிடம் மூன்று சின்ன வித்தியாசங்கள் சேர்ந்திருந்தாலும் டாக்டர் ஒரு முறை முழுதாகப் பார்ப்பது நல்லது. வெளியே பல இருந்தால் உள்ளேயும் ஒன்று இருக்க வாய்ப்பு உண்டு.

"அதெல்லாம் சரி டிரசரையா, ஒரு நாள் சம்பளம் போகுதே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்கள் கட்டுவது சில வெள்ளிதான். வண்டிச் சத்தமும் இழந்த கூலியும்தான் பாரம். ஆகவே சட்டம் கொடுத்ததை முதலில் பயன்படுத்துங்கள். தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுமுறை 98 நாள். அதற்கு முன் 60 நாள்தான். தகுதியுள்ள தகப்பனுக்கும் தொடர்ந்து 7 நாள் சம்பள விடுமுறை உண்டு. பாதத்துக்கும் முதுகுக் குழிக்கும் உரிய நாட்கள் இந்த விடுமுறைக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

ஆறாம் மாதம்தான் நம்மை ஏமாற்றும். தாய் வேலைக்குத் திரும்பியிருப்பாள், பிள்ளை பாட்டியிடமோ ஆயாவிடமோ இருக்கும், யாருக்கும் ஞாபகம் இருக்காது. என் கைக்குத் தப்பிய பையனும் அப்படித்தான் தப்பினான். அந்த ஒரு நாளுக்கு மண்டோரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், ஆஸ்பத்திரித் தேதிச் சீட்டைக் காட்டுங்கள். மறுத்தால் தோட்டக் கிளைத் தலைவரிடம் வாருங்கள். சம்பளத்துக்காகப் பேசுகிற சங்கம், பிள்ளையின் தேதிக்காகவும் பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இன்று இரவு ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளையின் புத்தகத்தை எடுத்துப் புரட்டுங்கள். "பிறகு பார்க்கவும்" என்று எழுதி, பக்கத்தில் தேதி இல்லாமல் இருந்தால், நாளைக்கே கிளினிக்குக் கொண்டு போய் அந்தத் தேதியைப் போட்டு வாங்குங்கள்.