நம்ம ஊர் காரைக் காப்போம்!



அமெரிக்காவில் 1964ல் வந்த மஸ்டாங் காரை இன்னைக்கும் தேடித்தேடி வாங்குறாங்க. கம்பெனியில் மாட்டின அதே என்ஜின் இருந்தால்தான் மதிப்பு அதிகம். என்ஜினை மாத்திட்டா விலை குறைஞ்சிடும்.

நமக்கும் அப்படி ஒரு கார் உண்டு. அதுதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு! தாம்பரத்தைத் தாண்டினால் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம்தான் அந்தத் தொழிற்சாலை இருந்தது. 1961ல் ஹெரால்டு வந்தது. இங்கிலாந்து ஹெரால்டுக்கு 2 கதவுதான். நம்ம ஊரில் பிறகு 4 கதவு வச்சும் செஞ்சாங்க. 1988ல் அந்தக் கம்பெனியில் கார் தயாரிப்பே நின்னு போச்சு.

மிச்சம் இருக்கிற பழைய கார்களுக்குச் சிலர் வேற என்ஜின் மாட்டுறாங்க. ஸ்பேர் கிடைக்கல, வண்டி ஓடணுமேன்னு சொல்லுவாங்க. அதுவும் நியாயம்தான். ஆனால் 2021ல் மத்திய அரசு போட்ட விதிப்படி, 50 வருஷம் தாண்டி, பாடி, சேஸிஸ், என்ஜின் மாறாத வண்டிக்குத்தான் 'விண்டேஜ்' பதிவு. அதுக்குப் புதுசா பதிய 20,000 ரூபாய் கட்டணும். வசதி இல்லாதவங்க என்ன செய்வாங்க? எடைக்குத்தான் போடுவாங்க.

கோயம்புத்தூரில் ஜீடீ கார் மியூசியம் இருக்கு. நம்ம பக்கம் ஏன் இருக்கக் கூடாது? வண்டலூருக்குப் புலி, சிங்கம் பார்க்க எவ்வளவு பேர் வர்றாங்க! ஒரே ஒரு 4 கதவு ஹெரால்டை, எதையும் மாத்தாம, அரசு வாங்கி அங்கே நிறுத்தட்டும். அதைச் செஞ்சது நம்ம பக்கத்துத் தாத்தாக்களின் கை. அந்தக் கார் பழைய இரும்புக் கடைக்குப் போனால் அவங்க உழைப்பும் கிலோ கணக்கில்தான் போகும்.

சிந்திப்போம்! காப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி