ரத்தத்தில் ஓடுகிறதாமே படிப்பு!

என் பழைய மாணவர்களே, சொந்தங்களே, கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

நேற்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேத்தியின் நீட் மதிப்பெண்ணைப் போட்டு, "நம்ம ரத்தத்திலேயே படிப்பு இருக்கு" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதோடு விட்டிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். அடுத்த வரி: "அரசுப் பள்ளி 7.5 சதவீதம் எல்லாம் எதுக்கு? திறமை இருந்தா ராமானுஜன் மாதிரி தானா மேல வரலாம்."

தானாகவா வந்தார்? ராமானுஜன் ஏழைதான். அப்பா கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் கணக்கர். ஆனால் வறுமை வேறு, எழுத்தே நுழையாத வீடு வேறு. அவர் வீட்டில் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் தங்கியிருந்தார்கள். சின்ன வயதிலேயே அவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் கறந்துவிட்டார். கல்லூரியில் மற்ற பாடங்களில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்த பிறகும், ராமச்சந்திர ராவ் மாதாமாதம் பணம் கொடுத்துத் தாங்கினார். 1912இல்தான் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை.

என் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடை சொல்வாள். என் வழியைவிடச் சுருக்கமான வழியும் சொல்வாள். என் சர்வீசில் அப்படி ஒரு மூளையைப் பார்த்ததில்லை (டாக்டர்களே, இன்ஜினியர்களே, மன்னிக்கணும்). என்எம்எம்எஸ் தேர்வு எழுது என்றேன். தேறினால் பன்னிரண்டாம் வகுப்பு வரை, அப்போது மாதம் 500 ரூபாய். வருமானச் சான்றிதழ் வேண்டும். அவள் அப்பாவுக்கு அது ஒரு நாள் கூலி. ஒரு நாளில் முடியாவிட்டால் இரண்டு நாள். "ஏம்மா இன்னும் வாங்கலை?" என்று தினமும் அவளை அதட்டினேன். அதட்டியதோடு சரி. கடைசித் தேதி போயிற்று. அந்தக் கோடையில் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் செங்கல் சூளைக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வரவில்லை. நானே மனு எழுதி அவரோடு போயிருக்கலாம். என் பெண்ணுக்கென்றால் போயிருப்பேன்.

பேத்தி கெட்டிக்காரிதான், மறுக்கவில்லை. முதல் முறை தவறினாள். ஒரு வருடம் வேறு வேலை வைக்காமல், கோச்சிங்குக்குப் பணம் கட்டி, தனி அறையில் உட்கார வைத்தோம். அவள் அம்மா வேலையை விட்டாள். அந்த ஒரு வருடமும் ரத்தமா? என்னைப் பெற்ற தாய் கைநாட்டு. அப்போது இந்த ரத்தம் எங்கே ஓடிக்கொண்டிருந்தது?

குழுவிலிருந்து என்னை நீக்குவதானால் நீக்குங்கள்.

மாணவர்களே, உங்களில் சிலர் இப்போது ஆசிரியர்கள். உங்கள் எட்டாம் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், சான்றிதழுக்கு அந்த அப்பாவோடு நீங்களே போங்கள். அவருடைய அன்றைய கூலியை நான் தருகிறேன். நம்பர் பழைய நம்பர்தான்.